கடல் கொண்ட கோயில்களும் ஊரார் வாய்மொழியும்

பல்லவர் தலைநகராகிய காஞ்சிபுரத்துக்குத் துறைமுகமாக விளங்கிய மாமல்லபுரத்தின் வரலாறு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய நூல்களில் இடம்பெறத் தொடங்கியபோது, அதற்குக் கல்வெட்டுகள் அடிப்படையாக அமையவில்லை. அவற்றின் எழுத்தைப் படிப்பார் அன்று அரிதாயினமையால், பார்க்க வந்த வெள்ளையர் கேட்ட கேள்விகளும் ஊரார் சொன்ன பதில்களுமே அடிப்படையாயின. கும்பினியின் சென்னைக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டரில் இருந்த இவ்வூர், தொலைப்பயணத்துக்கு வாய்ப்பில்லாத ஆங்கிலேயருக்கும் எட்டும் இடமாக இருந்தது.

1772இலும் 1776இலும் இங்கு வந்த வில்லியம் சேம்பர்ஸ், தாம் கண்டதையும் கேட்டதையும் பின்னாளில் நினைவிலிருந்து எழுத, அக்கட்டுரை 1788இல் கல்கத்தாவின் ஆசியக் கழக ஆய்வுத் தொகுதியில் வெளியாயிற்று. தேவலோகம் சென்று மீண்ட அரசன் ஒருவன் அங்குக் கண்ட அழகையெல்லாம் தன் நகரில் படைத்ததாகவும், பொறாமை கொண்ட இந்திரன் கடலை ஏவி அதனை அழித்ததாகவும் அவரிடம் கூறப்பட்டது. கடலுக்குள் செப்புத் தகடு வேய்ந்த கோயில் உச்சிகள் கதிரவன் எழும் வேளையில் மின்னக் கண்டதாக ஊர் முதியோர் சொன்னதையும் அவர் குறித்துவைத்தார். இச்செய்தி இங்கிலாந்தை எட்டி, ராபர்ட் சதி 1810இல் வெளியிட்ட ‘கெஹாமாவின் சாபம்’ என்னும் நெடுங்கவிதையில் கடலடி நகரமாக உருப்பெற்றது. முதியோர் சிலரின் பேச்சு, ஒரு தலைமுறைக்குள் ஆங்கிலக் காவியமொன்றின் களமாகிவிட்டது.

சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் கோல்டிங்காம் 1798இல் வெளியான தம் கட்டுரையில் தந்துள்ள செய்தி இன்னும் நுட்பமானது. அவ்வூரில் பிறந்த, ஏறத்தாழ ஐம்பது வயதுடைய பிராமணர் ஒருவர், அலைகளுக்கிடையே ஐந்து கோயில்களின் பொன்பூசிய உச்சிகளைத் தம் பாட்டனார் கண்டதாக அடிக்கடி சொல்லக் கேட்டிருப்பதாகவும், அவை இப்போது தென்படுவதில்லை என்றும் அவரிடம் கூறினார். மாலுமிகளும் வணிகரும் இவ்விடத்தை ‘ஏழு பகோடா’, அதாவது ஏழு கோயில்கள், என அழைத்துவந்தனர். இன்று வழங்கும் கதையிலோ, கரையில் நிற்கும் ஒன்றைக் கழித்து ஆறு கோயில்கள் மூழ்கியதாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. எண்ணிக்கை இவ்வாறு மாறியதைக் கொண்டு கதை முழுவதையும் கட்டுக்கதை எனத் தள்ளிவிடுவது பொருத்தமன்று. 2002இல் தேசியக் கடலியல் நிறுவனமும் பிரித்தானிய ஆய்வுக் குழுவொன்றும் இணைந்து நடத்திய தேடலில் கடலடியில் கட்டட இடிபாடுகள் காணப்பட்டன. 2004 ஆழிப்பேரலைக்குமுன் கடல் உள்வாங்கியபோது கற்களின் வரிசையைக் கண்டதாகவும் பலர் கூறினர்.

பேச்சு ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. பெரும்பாறைச் சிற்பத்தை ஊரார் அர்ச்சுனன் தபசு என்றே காட்டிவந்தனர். விக்டர் கோலுபேவ் என்னும் அறிஞர் 1914இல் அதனைக் கங்கை இறங்கும் காட்சியாக விளக்கியபின், அவ்விளக்கமும் வழிகாட்டிகளின் பேச்சில் சேர்ந்துகொண்டது. இன்று அவர்கள் இரண்டையும் சொல்லிவிட்டுத் தீர்ப்பைக் கேட்போரிடமே விட்டுவிடுகின்றனர். இது பல நூலாசிரியர்களிடம் இல்லாத நேர்மை.

1957இல் அரசு சிற்பப் பள்ளி தொடங்கப்பட்டதும், 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் வெளிநாட்டார் வரவுக்குத் துணைசெய்தன. கடற்கரையை ஒட்டிய ஒத்தவாடைத் தெருவில், உளி பிடித்த கையை நிறுத்தாமலே, வாங்க வருவோரிடம் அவரவர் மொழியில் விலையும் விளக்கமும் சொல்லப் பழகிய சிற்பிகளைக் காணலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து வரும் குடும்பத்தாரும் இப்பேச்சில் பங்குகொள்கின்றனர், பெரும்பாலும் “எந்த ஊர்?” என்ற கேள்வியோடும் ஒரு புகைப்படத்தோடும் அது முடிந்துவிடினும்.

இவ்வாறு பதில் சொன்னோருள் பெயர் தெரிந்தவர் மிகச் சிலரே. கும்பினியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சியிடம் பணியாற்றிய காவலி வேங்கட இலட்சுமய்யா, இவ்வூர்க் கோயில்களைப் பற்றி 1803இல் தெலுங்கில் தாமே எழுதியதால் அவர் பெயர் நிலைத்தது; அவ்விவரணை, எம். டபிள்யூ. கார் 1869இல் தொகுத்த நூலில் ஆங்கிலத்தில் அச்சேறியது. கோல்டிங்காமிடம் பேசிய ஐம்பது வயதினரோ தம் வயதாலும் சாதியாலும் மட்டுமே அறியப்படுகிறார். இந்தக் குறை இனியும் தொடர வேண்டியதில்லை: பல்லாண்டுகளாக அயல்நாட்டாரோடு பேசிவந்த வழிகாட்டிகளின், சிற்பிகளின் வாய்மொழியை அவரவர் பெயரோடு பதிவுசெய்யும் பணியை நம் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் மேற்கொள்ள வேண்டும்.