சாவி பிறந்த ஊர்

வேற்று நாட்டில் வீடு பிடித்துக் குடிபுகுவோர் முதலில் கற்பது அந்நாட்டின் வரலாற்றை அன்று. குழாயையும் அடுப்பையும் திறந்து மூடும் வகையைத்தான். அலுவல் நிமித்தம் போர்த்துகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் சில காலம் வாழ நேர்ந்த எங்களுக்கும், அதாவது கணவன் மனைவி இருவருக்கும், அவ்வாறே தொடங்கிற்று. ஆயின் முதல் நாளிலேயே அடுப்பங்கரையில் வரலாறு எதிர்ப்பட்டது.

நாங்கள் பிடித்த வீடு ஆல்ஃபாமா என்னும் பழம்பகுதியில், மின்தூக்கி இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இடப்பக்கம் இருந்தது. அவ்வூரில் முகவரியிலேயே 'இடம்', 'வலம்' என்று எழுதிவிடுகின்றனர். வாடகையும் முன்பணமும் பேசி முடித்தபின், வீட்டுக்கார மூதாட்டியார் எங்களை அறை அறையாக அழைத்துச் சென்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எங்களுக்குப் போர்த்துகீசியம் தெரியாது. எனவே ஒவ்வொரு பொருளையும் தொட்டுக் காட்டிப் பெயர் சொன்னார். கையிலிருந்ததை உயர்த்தி 'ஷாவ்' என்றார். கதவைத் திறந்து 'ஜனேலா' என்றார். பின்னர் 'மேசா', 'அர்மாரியு', 'துவால்யா'. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, துவாலை! அம்மையார் எங்களுக்குப் பாடம் நடத்துவதாக எண்ணிக்கொண்டிருந்தார். நாங்களோ எங்கள் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தோம்.

இங்கு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். தில்லியில் எங்கள் வீட்டில் தனித்தமிழ் ஒரு சட்டம். 'திறவுகோல்', 'சாளரம்' என்று சொல்லாமல் 'சாவி', 'ஜன்னல்' என்னும் பிள்ளைகள் உண்டியலில் ஒரு ரூபாய் போட வேண்டும். எங்களுள் தமிழார்வம் மிக்கவர் யார் என்பது வீட்டில் தீராத வழக்காயினும், இச்சட்டத்தில் இருவருக்கும் வேற்றுமை இல்லை. இச்சொற்கள் போர்த்துகீசியம் என்பதும் படித்தறிந்ததே. ஆயினும் ஏட்டில் அறிவது வேறு. அச்சொல்லைப் பெற்ற தாய் எதிரே நின்று அதைக் கூப்பிடக் கேட்பது வேறு.

மற்றொரு நுட்பமும் பின்னர்ப் புலப்பட்டது. இன்று லிஸ்பன் மக்கள் அச்சொல்லை 'ஷ' ஒலியுடன் மொழிகின்றனர். 16ஆம் நூற்றாண்டில் அங்கும் அது அழுத்தமான 'ச்ச' ஒலியாகவே இருந்தது. தில்லி அலுவலகத்தில் இந்தி நண்பர்கள் நாள்தோறும் தேடும் 'சாபி'யில் அப்பழைய ஒலி இன்றும் வாழ்கிறது. தாயகம் மறந்த ஒலியை நம் சாவிக்கொத்து காத்து வருகிறது! பழைய நாற்காலிகளை 'ஏலம்' விடும் கோப்பினை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அந்த ஏலமும், இந்தியின் 'நீலாம்' என்பதும், 'லெய்லாவ்ங்' என்னும் அவர்கள் சொல்லே.

கொடுத்தவர்கள் கொண்டும் சென்றனர். குளிர்காலத்தில் எங்களுள் ஒருவர் காய்ச்சலில் கிடந்தபோது மூதாட்டியார் ஒரு பாத்திரத்துடன் மாடியேறி வந்து, 'கான்ஜா' என்றார். நம் கஞ்சியேதான். கோழி கலந்ததாகையால் எங்கள் வீட்டு வழக்கிற்கு அது ஒவ்வாது. பாத்திரத்தையும் பெயரையும் நன்றியுடன் ஏற்றுக்கொண்டோம். 'மாங்கா' என்னும் பழமும் 'கரீல்' என்னும் குழம்பும் நம் கரையிலிருந்து சென்றவை. 'பாரியா' என்று ஒரு சொல்லும் அவர்கள் அகராதியில் உண்டு. ஒதுக்கப்பட்டவன் என்பது பொருள். அது எச்சாதியின் பெயரிலிருந்து பிறந்தது என்பதைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. மொழிக்கொடை பற்றிப் பெருமை பேசும் மேடைகளில் இச்சொல்லை எவரும் எடுத்துக்காட்டுவதில்லை.

விடுமுறை நாள்களில் நகரைச் சுற்றினோம். ஆற்றங்கரையிலுள்ள பெருஞ்சதுக்கத்தில் ஒருகாலத்தில் அரண்மனை நின்றது. கீழைக்கடல் வாணிகத்தை ஆண்ட 'இந்திய இல்லம்' அதனோடு சேர்ந்திருந்தது. 1755 நவம்பர் 1ஆம் நாள் காலை நிலம் நடுங்கிற்று. கடல் பொங்கி ஏறியது. பின்னர் நெருப்புப் பரவிற்று. அரண்மனையும், ஏறத்தாழ 70,000 நூல்கள் கொண்ட அரச நூலகமும் அழிந்தன. அமைச்சர் பொம்பால் தாழ்நகரை நேர்த்தெருக்களாக மீண்டும் எழுப்பினார். சுவர்களுக்குள் மரச்சட்டக் கூண்டு வைத்து நடுக்கம் தாங்கும் வீடுகள் கட்டப்பட்டன. கார்மோ மடத்தின் ஆலயம் மட்டும் கூரையின்றி, வளைவுகள் வானத்தைத் தாங்க இன்றும் நிற்கிறது. எங்கள் ஆல்ஃபாமா பெரும்பாலும் தப்பிற்று. அதன் கோணல் சந்துகள் அதற்குச் சான்று. அங்காடிப் பையுடன் அவற்றில் வழிதவறாத வாரம் எங்களுக்கு வாய்த்ததில்லை.

நாங்கள் தேடிய பொருள் வேறொன்று. தமிழ்மொழி முதன்முதல் அச்சேறியது இந்நகரில்தான். மூன்றாம் ஜான் மன்னரின் ஆணையால் 1554 பிப்ரவரி 11ஆம் நாள், 'கார்த்தில்யா' என்னும் கிறித்தவ வேண்டுதல் நூல் தமிழிலும் போர்த்துகீசியத்திலும் இங்கு அச்சாயிற்று. தமிழெழுத்து வார்க்கப்படாத காலம். தமிழ்ச்சொற்கள் ரோமன் எழுத்தில் கோக்கப்பட்டன. தமிழ் தன் எழுத்தில் அச்சாகும் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் 1578இல்தான் வருகிறது. லிஸ்பன் நூலை ஆக்கியோர் அங்கு வாழ்ந்த தமிழர் மூவர்: வின்சென்ட் நசரேத், ஜார்ஜ் கார்வாலோ, தாமஸ் குரூஸ். இவை ஞானமுழுக்குப் பெயர்கள். தாய் இட்ட பெயர் என்னவோ! தம் மொழியைத் தம் எழுத்தில்லாமல் தாளில் கண்டபோது அவர்கள் மகிழ்ந்தனரா, குறைபட்டனரா? இந்நூலைப் பற்றி 1950களில் தமிழுலகிற்கு எடுத்துரைத்தவர் தனிநாயக அடிகளார்.

அறியப்பட்ட ஒரே படி பெலெம் பகுதியில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. ஜெரோனிமோஸ் மடாலயத்தின் ஒரு பக்கமே அந்த அருங்காட்சியகம். நாங்கள் சென்றபோது, 2022இல் தொடங்கிய புதுப்பிப்புப் பணிக்காக அது மூடியிருந்தது. அருகிலிருந்த மடாலயத் தேவாலயத்திற்குள் நுழைந்தோம். வாசலை அடுத்து வாஸ்கோ ட காமாவின் கல்லறை. கொச்சியில் 1524இல் இறந்தவரின் எச்சங்களென 1880இல் இங்கு கொண்டுவந்து வைத்தனர். 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலைக் கடலில் எரித்தவர் அவர். அம்மடாலயம் எழுந்ததும் நறுமணப் பொருள்கள் மீது விதித்த வரிப்பணத்தில்தான். பயணிகள் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். நாங்கள் வணங்கவில்லை, எங்கள் நெஞ்சு அம்மூவரையே நினைத்தது. அவர்களுக்கு அந்நகரில் எந்தக் கல்லையும் நாங்கள் காணவில்லை. மதிலுக்கு அப்பால், ஏதோ ஒரு பெட்டியில், அவர்கள் கோத்த தமிழ் இருந்தது. நூலைக் காணாமலே ஊர் திரும்பினோம் என்பது இன்றும் குறைதான்.

புறப்படும் நாளில் மூதாட்டியார் கையில் 'ஷாவ்' திருப்பிக் கொடுத்தோம். 'சாவி' என்று நாங்கள் சொல்ல, அவர் எங்கள் உச்சரிப்பைத் திருத்தினார். அவருடைய முப்பாட்டன்மார் எங்களைப் போலத்தான் சொன்னார்கள் என்று விளக்குமளவு போர்த்துகீசியம் எங்களுக்கு வந்திருக்கவில்லை.

தில்லியில் உண்டியல் இன்னும் அலமாரியின் மேலேயே இருக்கிறது. சட்டத்தை நீக்க எங்களுக்கு மனமில்லை. திறவுகோலும் சாளரமும் நம் சொற்கள், அவை வழங்க வேண்டும். ஒரு திருத்தம் மட்டும் செய்திருக்கிறோம். தவறிச் சொன்ன சொல் எந்த ஊரிலிருந்து, யாருடன் வந்தது என்று சொல்லிவிட்டால் பாதிக் காசு.