கடல் சூழ்ந்த நாடு கதவு திறந்த வரலாறு

2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் காலை ஆறு மணிக்குச் சற்று முன்னர், சிங்கப்பூரிலிருந்து சென்ற விமானம் ஒன்று சிட்னி நிலையத்தில் இறங்கியது. அதனைத் தொடர்ந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து மற்றொன்று வந்தது. சிட்னிக்கு விமானம் வருவதும் ஒரு செய்தியாகுமா? அன்று ஆயிற்று. இடையிற் சில திங்கள் நியூசிலாந்துக்கு மட்டும் அளித்த சலுகையை ஒதுக்கிவிட்டால், வெளிநாட்டிலிருந்து வந்தவர் பதினான்கு நாள் ஓர் ஓட்டல் அறையில் அடைபட்டிராமல், நேரே வாயிலுக்கு வந்து தம்மவரைத் தழுவிக்கொண்டது பத்தொன்பது திங்களுக்குப் பிறகு அன்றுதான்.

நாட்டின் எல்லையை மூடுவதற்கு ஓர் ஆணை போதும். திறப்பது அவ்வளவு எளிதன்று. யாரை முதலில் விடுவது, யாரைக் காத்திருக்கச் செய்வது என்ற கேள்வி உடனே எழுகிறது. அதற்கு ஓர் அரசாங்கம் தரும் விடையிலிருந்து, அது யாரைத் தன்னவர் என்று கருதுகிறது என்பதை ஒருவாறு உணரலாம். கொவிட்-19 தொற்றுக்குப் பின் ஆஸ்திரேலியா தன் கதவுகளைத் திறந்த வரிசை இவ்வகையில் ஆராயத்தக்கது.

இதனைத் தெளிவாக அறிய ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். 1901இல் ஆறு குடியேற்ற நாடுகள் ஒன்றுகூடி ஆஸ்திரேலியக் கூட்டரசாயின. அக்கூட்டரசின் அரசியலமைப்பு, குடிமகன் என்பான் யார், நாட்டுக்குள் நுழைய அவனுக்கு உரிமை உண்டா என்பன பற்றி ஏதும் கூறவில்லை. ஆனால் நோய் பரவாமல் தடுக்க வருவோரைத் தனிமைப்படுத்தும் அதிகாரத்தை 51ஆம் பிரிவில் பெயர் சுட்டியே கூட்டரசுக்கு வழங்கிற்று. 1908இல் அதற்கெனத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. பத்தாண்டுகளில் அச்சட்டத்திற்குச் சோதனை வந்தது.

1918இல் உலகெங்கும் கொடிய இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவியது. அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் 'மட்டாரம்' என்னும் கப்பல் டார்வின் துறைமுகத்தை அடைந்தது. அந்நோயைச் சுமந்துகொண்டு ஆஸ்திரேலியக் கடலெல்லைக்குள் புகுந்த முதற் கப்பல் அதுவே. அது சிங்கப்பூரிலிருந்து சென்ற கப்பல் என்பது இவ்வட்டாரத்தார் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி. அடுத்த ஆறு திங்களில் 323 கப்பல்கள் மறித்து ஆராயப்பட்டன. அவற்றுள் 174இல் நோய் இருந்தது. 81,510 பேரைச் சோதித்ததில் 1,102 பேர் நோயுற்றிருக்கக் கண்டனர். போர் முடிந்து வீடு திரும்பிய படைவீரர்களுக்கும் விலக்கில்லை. 'பூனா' என்னும் படைக்கப்பல் பிரிமாண்டில் துறைமுகத்துக்கு அருகே தடுத்து நிறுத்தப்பட்டது. அதில் இருந்த வீரருள் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். கரையில் இருந்த உட்மன் முனைக் குவாரன்டீன் நிலையத்தில் அவ்வீரர் சிலரும், அவர்களைப் பேணச் சென்ற செவிலியர் சிலரும் உயிர் நீத்தனர். போர் முடிந்துவிட்டதால் களம் காணாமலே திரும்பியவர்கள் சொந்த ஊரின் கரையைக் கண்ணாற் கண்டுகொண்டே மாண்ட கொடுமையை என்னென்பது!

கடல்வழியே வந்த நோயை இங்ஙனம் சில திங்கள் தடுத்து நிறுத்திய நாட்டால், உள்ளே புகுந்த நோயை ஒன்றுபட்டு எதிர்க்க முடியவில்லை. 1918 நவம்பரில் மாநிலங்கள் மெல்பர்னில் கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டன. 1919 ஜனவரியில் நோய் தலைகாட்டியதும் அவ்வுடன்பாடு காற்றில் பறந்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லையைத் தானே மூடிக்கொண்டது. குவீன்ஸ்லாந்துக்குத் திரும்ப எண்ணியவர்கள் வாலங்காரா, கூலங்கட்டா ஆகிய எல்லை ஊர்களில் கூடாரங்களில் காத்துக் கிடந்தனர். அந்நோய்க்கு ஆஸ்திரேலியாவில் பலியானோர் 12,000 முதல் 15,000 வரை என்பர். பிற நாடுகளை நோக்க இது குறைவே. கடலை அரணாக்கினால் உயிர் காக்கலாம் என்ற எண்ணம் அந்நாட்டார் உள்ளத்தில் வேரூன்ற இந்நிகழ்ச்சி பெரிதும் துணைசெய்தது எனலாம்.

குவாரன்டீன் என்பது மலாயாத் தமிழருக்கும் புதியதன்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த முந்திய தலைமுறையார் பினாங்கில் ஜெரஜாக் தீவையும் சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவையும் நன்கறிவர். ஆயினும் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களுக்கே பெரும்பாலும் அத்தீவுகள் உரியவாயின. அறை எடுத்து வந்தவர் பலர் நேரே கரையேறினர். நோய் இவ்வேறுபாட்டை அறியாது. அதனை வகுத்தவர்கள் அதிகாரிகளே.

இனி இந்நூற்றாண்டின் நிகழ்ச்சிக்கு வருவோம். 2020 பிப்ரவரி முதல் நாள் சீனாவிலிருந்து வரும் வெளிநாட்டவருக்கு ஆஸ்திரேலியா தடை விதித்தது. மார்ச் 20ஆம் நாள் இரவு 9 மணிக்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அவர்தம் நெருங்கிய குடும்பத்தாரும் ஒழிந்த ஏனையோர் அனைவருக்கும் எல்லை மூடப்பட்டது. அதற்கு முதல்நாள்தான் 'ரூபி பிரின்சஸ்' என்னும் உல்லாசக் கப்பலிலிருந்து ஏறத்தாழ 2,700 பயணிகள் சிட்னியில் தடையின்றி இறங்கிச் சென்றிருந்தனர். அவர்கள் வழியே பரவிய தொற்றால் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மார்ச் 28 நள்ளிரவு முதல், வருவோர் யாவரும் ஓட்டல் அறையில் 14 நாள் அடைபட்டிருக்கவேண்டும் என்ற விதி வந்தது. பின்னர் அதற்கான செலவையும் அவர்களே ஏற்கவேண்டியதாயிற்று. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் வயது வந்த ஒருவரிடம் 3,000 ஆஸ்திரேலிய வெள்ளி வாங்கியது.

வெளியிலிருந்து வருவோரைத் தடுத்த நாடுகள் அக்காலத்தில் பல. ஆனால் தன் குடிமக்கள் வெளியே செல்வதையும் தடுத்தது ஆஸ்திரேலியா. மக்களாட்சி நாடுகளில் இதற்கு இணை காண்பது அரிது. 2020 மார்ச் 25 முதல், 2015ஆம் ஆண்டு உயிர்ப்பாதுகாப்புச் சட்டத்தின்படி, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாடு செல்ல அனுமதி பெறவேண்டியிருந்தது. இன்றியமையாத தொழில், அவசர மருத்துவம், மனிதாபிமானக் காரணம் எனச் சில வகைகள் வகுக்கப்பட்டன. தாய் சாகக் கிடக்கிறாள் என்பவர் அதற்குரிய சான்றுகளைத் திரட்டி அனுப்பிவிட்டு அதிகாரியின் விடைக்குக் காத்திருந்தார். 2021 ஆகஸ்டில் இவ்விதி மேலும் இறுகியது. வெளிநாட்டிலேயே வாழ்ந்துவரும் ஆஸ்திரேலியர் ஊருக்கு வந்தால், திரும்பிச் செல்வதற்கும் அனுமதி கேட்கவேண்டும் என்றாயிற்று.

திரும்பி வர விரும்பிய குடிமக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சட்டப்படி அவர்களுக்குத் தடை இல்லை. ஆனால் 2020 ஜூலை முதல் ஒவ்வொரு நகரத்திலும் நாளொன்றுக்கு அல்லது வாரமொன்றுக்கு இத்தனை பேர்தாம் இறங்கலாம் என்ற வரம்பு இருந்தது. பெரிய விமானத்தில் சில பத்துப் பேரே வரலாம் என்றால், விமான நிறுவனம் யாருக்கு இடம் கொடுக்கும்? விலையுயர்ந்த இருக்கை வாங்கியவருக்கே கொடுக்கும். குறைந்த கட்டணம் செலுத்தியவர்களின் சீட்டுகள் மீண்டும் மீண்டும் இரத்தாயின. ஊர் திரும்ப உதவி வேண்டிப் பதிவு செய்துகொண்டோரின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 40,000ஐத் தாண்டியது. 2021 ஜூலையில் அவ்வரம்பும் பாதியாகக் குறைக்கப்பட்டது.

இவற்றுளெல்லாம் கடுமையானது இந்தியாவிலிருந்து வருவோர்மீது விதித்த தடை. 2021 ஏப்ரலில் இந்தியாவில் தொற்று காட்டுத்தீயெனப் பரவியது. ஏப்ரல் 27ஆம் நாள் அங்கிருந்து வரும் விமானங்கள் நிறுத்தப்பட்டன. மே 3 முதல், முந்திய 14 நாளில் இந்தியாவில் இருந்தவர் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைவது குற்றம் என்றாயிற்று. குடிமக்களுக்கும் அதுவே விதி. மீறுவோருக்கு 5 ஆண்டு வரை சிறை அல்லது 66,600 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. அப்போது இந்தியாவில் ஏறத்தாழ 9,000 ஆஸ்திரேலியர் திரும்பக் காத்திருந்தனர். முந்திய ஆண்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நோய் உச்சத்தில் இருந்தபோது அங்கிருந்து திரும்பியவரை ஏன் இவ்வாறு அச்சுறுத்தவில்லை என்ற கேள்வி எழுந்தது. அதற்கு நிறைவான விடை கிடைத்ததாகச் சொல்ல முடியாது. வழக்குத் தொடுக்கப்பட்டது. மே 10ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம், குடிமகனின் நுழைவுரிமையையும் கட்டுப்படுத்தும் அளவுக்கு உயிர்ப்பாதுகாப்புச் சட்டத்தின் சொற்கள் தெளிவாக உள்ளன எனக் கூறித் தடையைச் செல்லும் என்றது. மே 15இல் தடை நீங்கியபின் டில்லியிலிருந்து டார்வின் சென்ற முதல் விமானத்தில் 150 பேர் ஏறியிருக்கவேண்டும். தொற்றுக் கண்டவரும் அவர்களோடு நெருங்கியிருந்தவரும் விலக்கப்பட, 80 பேரளவே சென்றனர்.

கதவு திறப்பதற்கு வழிவகுத்தது தடுப்பூசி. 2021 ஜூலை 30ஆம் நாள் கூட்டரசும் மாநிலங்களும் ஒரு திட்டத்துக்கு உடன்பட்டன. 16 வயதுக்கு மேற்பட்டோரில் 80 விழுக்காட்டினர் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டபின் எல்லையைப் படிப்படியாகத் தளர்த்துவது என்பது அதன் சாரம். அவ்விலக்கை எட்டும் தறுவாயில், அக்டோபர் 15ஆம் நாள், நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் டாமினிக் பெரோட்டெ நவம்பர் முதல் நாளிலிருந்து தடுப்பூசி போட்டுக்கொண்ட யாவரும் தனிமைப்படுத்தலின்றி வரலாம் என அறிவித்தார். அன்றே பிரதமர் ஸ்காட் மாரிசன், யாவரும் அல்லர், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அவர்தம் குடும்பத்தாருமே எனத் திருத்தினார். ஓட்டல் அறைகளை நடத்தியது மாநிலம். குடிநுழைவு கூட்டரசின் கையில்.

குடும்பத்தார் என்றால் யார்? கணவன், மனைவி, சார்ந்து வாழும் பிள்ளைகள் ஆகியோரே நெருங்கிய குடும்பத்தார் என்பது 2020 முதல் இருந்த விதி. தாயும் தந்தையும் அதில் இல்லை! குடும்பம் என்னும் சொல்லைக் கேட்டதும் பெற்றோரையே முதலில் எண்ணும் தமிழருக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆஸ்திரேலிய மக்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டிற் பிறந்தவர். அவர்களுள் பலருக்குப் பெற்றோர் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஈப்போவிலோ மணிலாவிலோ இருந்தனர். மகள் பேறுகாலத்துக்குத் தாய் வந்து உடனிருப்பது இந்நாடுகளின் வழக்கம். அத்தாய் வர இயலாமற் பிறந்த குழந்தைகள் பேரன் பேத்தியாகத் திரையில் மட்டுமே முகம் காட்டின. பாதிக்கப்பட்டோர் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் விடுத்தனர், இடைவிடாது வற்புறுத்தினர். 2021 நவம்பர் முதல் நாளிலிருந்து பெற்றோரும் நெருங்கிய குடும்பத்தாராவர் என விதி மாறிற்று. திறப்பு வரலாற்றில் விமானங்கள் இறங்கிய காட்சியைவிட இத்திருத்தமே கருதத்தக்கது.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவிற் சொல்லக்கூடியவை. நவம்பர் 21இல் தடுப்பூசி போட்டுக்கொண்ட சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு வழி திறந்தது. நியூசிலாந்துக்கு அடுத்து அவ்வாய்ப்பைப் பெற்ற நாடு சிங்கப்பூரே. மாணவரும் தொழிலாளரும் டிசம்பர் முதல் நாள் வரலாம் எனச் சொல்லப்பட்டது. ஒமிக்ரான் வகைக் கிருமி தோன்றவே அது டிசம்பர் 15க்குத் தள்ளிப்போயிற்று. கல்வி அந்நாட்டின் பெரும் ஏற்றுமதிகளுள் ஒன்று. அப்படியிருந்தும், 2020 ஏப்ரலில் தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத வெளிநாட்டு மாணவர் ஊர் திரும்பலாம் எனப் பிரதமர் கூறியதை மாணவர் பலர் மறக்கவில்லை. 2020-21இல், இரண்டாம் உலகப் போருக்குப் பின் முதன்முறையாக, குடிவந்தோரினும் வெளியேறியோர் மிகுந்தனர். வேறுபாடு ஏறத்தாழ 85,000. சுற்றுலாப் பயணிகளுக்கு 2022 பிப்ரவரி 21இல்தான் அனுமதி கிடைத்தது.

மேற்கு ஆஸ்திரேலியா மட்டும் தனிவழி சென்றது. அதன் முதல்வர் மார்க் மெகாவன் பிப்ரவரி 5 எனக் குறித்த நாளை ஜனவரி 20இல் கைவிட்டார். சிட்னியில் இருப்பவர் லண்டனுக்குப் போய்வரலாம், பெர்த்துக்குப் போக முடியாது என்ற விந்தையான நிலை மார்ச் 3 வரை நீடித்தது. 1919ஐ அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. ஆனால் இம்முறை மெகாவனை அம்மாநில மக்கள் பெரிதும் ஆதரித்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2021 மார்ச்சுத் தேர்தலில் அவர் கட்சி கீழவையின் 59 இடங்களில் 53ஐ வென்றது.

அடைப்பினால் பயன் இல்லை என்பார் கூற்றும் பொருந்தாது. 2020 இறுதிவரை ஆஸ்திரேலியாவில் கொவிட்டுக்கு இறந்தோர் 909 பேர். எல்லைகள் திறந்து நோய் பரவிய 2022இல் அத்தொகை ஏறத்தாழ 10,000. அதற்குள் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டிருந்தனர். இன்றேல் இழப்பு எத்துணைப் பெரிதாயிருக்கும் என்பதைப் பிற நாடுகளின் 2020ஆம் ஆண்டுக் கணக்குக் காட்டும். 2024 அக்டோபரில் வெளிவந்த அரசாங்க ஆய்வறிக்கையும் தொடக்கத்தில் எல்லையை மூடியது நாட்டுக்குக் கால அவகாசம் தந்தது என ஒப்புகிறது. அதே வேளையில், மக்களுக்கு அரசாங்கத்தின்மேல் இருந்த நம்பிக்கை குன்றிற்று என்றும், அத்தகைய கட்டுப்பாடுகளை மறுமுறை அவர்கள் ஏற்பது ஐயமே என்றும் அது கூறுகிறது.

சுகாதார நெருக்கடி நிலை 2022 ஏப்ரல் 17இல் முடிவுற்றது. மறுநாள் சிட்னித் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல் மீண்டும் வந்தது. தடுப்பூசிச் சான்று காட்டவேண்டும் என்ற விதி ஜூலை 6இல் நீங்கியது. அரசியலமைப்பில் குடிமகனின் நுழைவுரிமை பற்றிப் புதிதாக ஏதும் எழுதப்படவில்லை. 2021இல் நீதிமன்றம் போதுமானவை எனக் கண்ட சொற்கள் உயிர்ப்பாதுகாப்புச் சட்டத்தின் 477ஆம் பிரிவில் அவ்வாறே இருக்கின்றன.