கோட்டிலிருந்து வண்ணத்திற்கு: ஓவியர் ஆதிமூலம்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நிருவாகிகள் கேட்டபோது, ஓர் ஓவியரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். மருத்துவர், பொறியாளர், மாவட்ட ஆட்சியர் எனப் பலரை நாம் இளைஞர்களுக்கு வழிகாட்டிகளாகக் காட்டியிருக்கிறோம். ஓவியரைக் காட்டியதாக எனக்கு நினைவில்லை. இதை எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கெங்கவல்லியிலிருந்து தம்மம்பட்டி வழியாகத் தெற்கே சென்றால் துறையூர் வரும். அவ்வட்டாரத்துக் கீராம்பூரில் 1938ஆம் ஆண்டு பிறந்தவர் கே. எம். ஆதிமூலம். நாம் இப்பக்கமிருந்து காணும் பச்சைமலையை அப்பக்கமிருந்து கண்டு வளர்ந்தவர். சென்னைக்குச் சென்று, சிற்பி எஸ். தனபால் அவர்களின் வழிகாட்டுதலைப் பெற்று, அரசு கலைப் பள்ளியில் சேர்ந்தார். 1966இல் படிப்பை முடித்தார்.

அப்பள்ளியின் வரலாற்றை நம் இளைஞர் அறிந்திருத்தல் நன்று. 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் அதனைத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. கைத்தொழிலாளரைப் பயிற்றுவிப்பதே தொடக்க நோக்கம். தந்தையின் தொழிலே மகனுக்கு என்றிருந்த நாட்டில், கைவினையைப் பள்ளியில் சேர்ந்து கற்கலாம் என்ற ஏற்பாடு சிறிய செய்தியன்று. பின்னாளில் தேவி பிரசாத் ராய் சவுத்ரி அதன் முதல் இந்திய முதல்வரானார். அவருக்குப் பின் 1957இல் கே. சி. எஸ். பணிக்கர் பொறுப்பேற்றார். மேனாட்டாரைப் பார்த்து வரைந்தால் போதாது, நம் மண்ணுக்குரிய நவீன ஓவியம் எது என்ற வினாவைப் பணிக்கர் எழுப்பினார். ஆதிமூலம் பயின்றது அந்நாளில்தான். அவர் படிப்பை முடித்த அதே 1966இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பணிக்கர் நிறுவினார்.

ஆதிமூலத்திற்கு முதலில் பெயர் தந்தது வண்ணமன்று, கோடு. காந்தியாரின் நூற்றாண்டான 1969இல் கறுப்பு மையினால் ஏறத்தாழ 100 காந்தி ஓவியங்களைத் தீட்டினார். (காந்தியாரின் அரசியலைப் பற்றி, சிறப்பாக 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தைப் பற்றி, நம்மிடையே உள்ள மாறுபட்ட கருத்து யாவரும் அறிந்ததே, அவ்வழக்கை இங்கே எடுக்கவில்லை.) அடுத்து அரசர்களை வரைந்தார். கிரீடமும் அணியும் பூண்ட அவ்வரசர்கள் சிதைந்தும் கிழிந்தும் நிற்பார்கள். அதிகாரம் உள்ளுக்குள் எவ்வளவு உளுத்தது என்பதைச் சொல்லாமற் சொல்லும் படங்கள் அவை. எனக்கு மிகவும் பிடித்தவையும் அவையே. ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் எழுதிய ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த உழைக்கும் மக்களின் முகங்களைப் பேருந்து நிலையக் கடையில் நின்றே பார்த்தவர்கள் நம்மூரிலும் உண்டு. சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் அவர் எழுதித் தந்த தமிழ் எழுத்துக்கள் தனி அழகுடையவை.

இவ்வளவு கைத்திறன் உடையவர் பின்னர் உருவத்தையே விட்டுவிட்டார். பெரிய துணித்திரையில் எண்ணெய் வண்ணத்தைத் தட்டைக் கத்தியால் அகலமாக இழுத்தார். அருவ ஓவியம் என்பது இதுவே. அதில் மனிதன் இல்லை, மாடு இல்லை, மரம் இல்லை. ஒரு பெரும் பரப்பு நீலம். அதன் ஓரத்தில் காவி கிழித்துக்கொண்டு வரும். இடையே வெண்மை ஒரு வெடிப்புப் போல நிற்கும். “இதை என் பேரன் கூட வரைவான்” என்று சொல்பவர் உண்டு. நானும் சொன்னவன்தான். ஆனால் காந்தியாரின் முதுகை நான்கு கோட்டில் நிறுத்தத் தெரிந்தவருக்கு உருவம் வராமற் போகவில்லை. நாதசுரக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு இராகத்தை மட்டும் நெடுநேரம் ஆலாபனை செய்யும்போது, சொல் எங்கே என்று நாம் கேட்பதில்லை. அதுபோல் பொருளை நீக்கி, நிறத்தையும் வெளியையும் மட்டும் வைத்துக்கொண்டார். உழுத நிலத்தையும் மழை இறங்கும் மலையையும் கண்டு பழகிய நம் கண்ணுக்கு அப்படங்கள் அயலாருடையவை போல் தோன்ற வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் அவர் காலமானார்.

இனி என் காரணம். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுவதும் காளைகளை வரைந்து வைத்திருந்த ஒரு மாணவனை வகுப்பின் முன் நிறுத்தினேன். நம் தெருப் பையன். “இது சோறு போடுமாடா?” என்று கேட்டு அத்தாள்களைக் கிழித்தேன். அவன் நலம் கருதியே செய்தேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உண்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அங்கே நான்காண்டுப் பட்டப் படிப்பு படிக்கலாம் என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டியவன் நான். எனக்கே அது அப்போது தெரியாது. பத்தாம் வகுப்போடு நின்ற அவன், இன்று வீடுகளுக்கு வண்ணம் பூசிப் பிழைக்கிறான்.

அவன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், வரைகிறாள். சென்ற மாதம் அவர்கள் வீட்டிற்குச் சென்று ஆதிமூலத்தின் படங்கள் அச்சான புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். நீலமும் காவியுமான ஒரு பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்ன படம் சார்?” என்றாள். நான் வாய் திறக்குமுன் அவள் தந்தை குனிந்து பார்த்து, “ரெண்டாவது கோட் காயறதுக்குள்ள மூணாவதை இழுத்திருக்காரு சார்” என்றான்.