திரைப்படக் கழகமும் காண்போர் அவையும்

திரைப்பட வரலாறு எழுதுவோர் படங்களை ஆக்கியோர், நடித்தோர், பாடியோர் ஆகியோரைப் பற்றியே பெரிதும் எழுதினர். கண்டோரைப் பற்றி எழுதியது சிறிது. கண்டோருள்ளும், கண்டதனைப் பற்றிக் கூடியிருந்து ஆராய்ந்த சிறு குழுவினர் தனித்து நோக்கத்தக்கவர். நண்பர் சிலர் ஒன்றுகூடித் தேர்ந்த படம் ஒன்றைப் பார்த்து, பின்னர் அதன் குணமும் குற்றமும் உரையாடிப் பிரியும் அமைப்பினைத் திரைப்படக் கழகம் என்பர். அதன் தோற்றமும் வளர்ச்சியும் எத்தகையன, அது எவ்விடத்துக் குறைபட்டு நின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இக்கழகங்களின் வரலாற்றில் மீனவர் வாழ்வைக் காட்டிய படங்கள் தொடக்கம் முதலே இடம்பெற்றமையால், பழவேற்காட்டு ஏரியின் மீனவர் ஊர்கள் ஈண்டு உரைகல்லாகக் கொள்ளப்பெறுகின்றன.

1. அவை என்னும் மரபு

கலைப்படைப்பினை அவையில் வைத்து ஆராயும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. நூல் அரங்கேறுதல் என்பதே காண்போரும் கேட்போரும் கூடிய அவையை வேண்டி நிற்பது. திருவள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை வகுத்தார். இறையனார் களவியல் உரை கூறும் வரலாறு இவ்விடத்துக் கருதத்தக்கது. புலவர் பலரும் செய்த உரைகளுள் மெய்யுரை யாது எனத் துணிதற்கு, உருத்திரசன்மன் என்னும் ஊமைப் பிள்ளையை இருத்தி உரைகளைக் கேட்பித்தனர். மருதன் இளநாகனார் உரையில் ஒரோவிடத்தும், நக்கீரர் உரையில் சொல்தோறும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான் என்பது அக்கதை. கதையே ஆயினும் அதனால் இரண்டு கருத்துக்கள் பெறப்படும். படைத்தவன் தன் படைப்பிற்குத் தானே தீர்ப்பளித்தல் இயலாது என்பது ஒன்று. தீர்ப்பளிப்போர்க்கு வேண்டுவது சொல்வன்மை அன்று, உணர்ந்து கொள்ளும் ஆற்றலே என்பது மற்றொன்று. திரைப்படக் கழக வரலாற்றை நோக்குங்கால் இவ்விரண்டனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

2. மேலைநாட்டுத் தோற்றம்

1925ஆம் ஆண்டில் ஐவர் மாண்டேகு முதலியோர் இலண்டனில் திரைப்படக் கழகத்தை நிறுவினர். பெர்னார்டு ஷா, எச். ஜி. வெல்ஸ் போன்ற எழுத்தாளரும் அதற்குத் துணைநின்றனர். வாணிக அரங்குகள் காட்ட விரும்பாத படங்களையும், தணிக்கையாளர் தடுத்த படங்களையும் உறுப்பினர்க்கு மட்டும் காட்டுதல் அதன் பணி.

1929ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் அக்கழகம் நடத்திய காட்சி வரலாற்றுச் சிறப்புடையது. பிரித்தானியத் தணிக்கையாளர் தடைசெய்திருந்த ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ அன்று காட்டப்பெற்றது. அதனுடன் காட்டப்பெற்றது ஜான் கிரியர்சன் ஆக்கிய ‘டிரிஃப்டர்ஸ்’ என்னும் படம். வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடிப்போரின் தொழிலே அதன் பொருள். உழைப்போரின் அன்றாடத் தொழில் கலைக்குப் பொருளாதல் கூடும் என்பதனை நிலைநாட்டி, ஆங்கில ஆவணப்பட இயக்கத்திற்கு அஃது அடிகோலியது. அதனை முதற்கண் வரவேற்றோர் இலண்டன் நகரத்துக் கற்றோரே. வலை இழுத்தோர் அவ்வவையினர் அல்லர். கழகத்தின் பெருமையும் குறையும் அந்த ஒருநாட் காட்சியிலேயே விளங்குகின்றன எனலாம்.

3. இந்நாட்டு வளர்ச்சி

தமிழகத்தில் திரைப்படம் முதலிற் பரவியது கொட்டகைகளின் வாயிலாக. 1905ஆம் ஆண்டில் சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவியொன்றை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பின்னர் 1927இல் அரசு அமைத்த திரைப்பட விசாரணைக் குழுவிற்குச் சென்னை வழக்கறிஞர் டி. இரங்காச்சாரியார் தலைவரானார். அக்குழு பல நகரங்களுக்குச் சென்று சான்று கேட்டு 1928இல் அறிக்கை அளித்தது. மக்கள் எதனைப் பார்க்கின்றனர் என்பதனை அரசு கேட்டறிந்தது. பார்த்ததைப் பற்றித் தமக்குள் உரையாடுதற்கு மக்களுக்கு ஓர் அவை அந்நாளில் அமையவில்லை.

1947ஆம் ஆண்டில் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா ஆகியோர் நண்பர் சிலருடன் கல்கத்தா திரைப்படக் கழகத்தைத் தொடங்கினர். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 1949இல் அந்நகருக்கு வந்தபோது, ராய் அவருடன் படப்பிடிப்பிற்குரிய இடங்களைத் தேடி அலைந்தார். 1952இல் பம்பாயில் தொடங்கித் தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களிலும் நடைபெற்ற முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா இத்தாலிய, சப்பானியப் படங்களை இந்நாட்டினர்க்குக் காட்டியது. 1955இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’ பார்த்தும் பேசியும் பயின்றோரின் விளைவு என்பது மிகையன்று.

1959ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. ராய் அதன் தலைவரானார். துணைத்தலைவருள் ஒருவராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதன். இவர் அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தவர். 1964இல் புனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பெற்றது. அதனைப் பேணி வளர்த்த பி. கே. நாயர் அரிய படங்களின் படிகளைக் கழகங்களுக்குக் கிடைக்கச் செய்தார். திருவனந்தபுரத்தில் 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணன் முதலியோர் தொடங்கிய ‘சித்ரலேகா’ கேரளத்தில் கழகங்கள் பல்குதற்கு வழிகாட்டியது. தமிழகத்தில் அத்துணைப் பெருக்கம் நிகழ்ந்திலது. ஜெயகாந்தன் தாமே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ 1965இல் வெளிவந்து நடுவண் அரசின் விருது பெற்றும், மக்களிடையே பரவும் வாய்ப்பினைப் பெற்றிலது. இத்தகைய படங்களைக் காத்து உரையாடும் அவைகள் ஊர்தோறும் இல்லாமையும் அதற்கு ஒரு காரணம் எனலாம்.

4. மீனவர் படங்கள்

கழகங்களில் விரும்பிப் பார்க்கப்பெறும் படங்களுள் இரண்டினை ஈண்டு நோக்குவாம். இராபர்ட் ஃபிளாகர்ட்டியின் ‘மேன் ஆஃப் ஆரன்’ (1934) அயர்லாந்தின் தீவொன்றில் சுறா வேட்டையைக் காட்டுவது. அவ்வேட்டை அத்தீவில் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. படத்திற்காகவே தீவினர்க்கு அது மீண்டும் கற்பிக்கப்பெற்றது. வாழ்வென்று காட்டப்பட்டது வாழ்வாகுமா என்னும் வினா அதனாலெழுந்து இன்றும் ஓயாதுள்ளது.

இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தியின் ‘லா தெர்ரா திரேமா’ (1948) சிசிலித் தீவின் ஆசி திரெட்சா என்னும் ஊர் மீனவரையே நடிப்பித்து ஆக்கப்பட்டது. மீனை மலிவாகக் கொள்ளும் வணிகரை எதிர்த்து, வீட்டை ஈடுவைத்துத் தனித்தொழில் செய்ய முயன்று வீழும் குடும்பத்தின் கதை அது. அம்மீனவர் தம் ஊர்வழக்கிலேயே பேசினர். அப்பேச்சு இத்தாலியர் பிறர்க்கு விளங்காமையால் பொதுமொழியில் விளக்கவுரை சேர்க்க வேண்டியதாயிற்று. வட்டார வழக்கின் உண்மைக்கும் பொதுமொழியின் பரப்பிற்கும் இடையே நேரும் இம்முரண் மொழி ஆராய்வோர் ஊன்றி நோக்கத்தக்கது.

நம் பக்கத்தில், 1964இல் வெளிவந்த ‘படகோட்டி’ இரு மீனவக் குப்பங்களின் பகையையும் அதனால் பயன்பெறும் செல்வரையும் பொருளாகக் கொண்டது. மறுஆண்டு வந்த ‘செம்மீன்’ தகழி சிவசங்கரப் பிள்ளையின் புதினத்தைத் தழுவியது. குடியரசுத் தலைவரின் தங்கப்பதக்கம் பெற்றது. அப்புதினத்தைச் சுந்தர ராமசாமி தமிழாக்கியுள்ளார். கடலிற் செல்லும் கணவனின் உயிர் கரையிலுள்ள மனைவியின் கற்பைப் பொறுத்தது என்னும் நம்பிக்கையின்மேல் கதை முழுதும் நிற்கின்றது. இந்நம்பிக்கை எல்லாக் கரைக்கும் உரியதா, ஆசிரியன் தன் காவியத்திற்கு வேண்டிப் பெருக்கியதா என்னும் வினாவிற்கு விடைகூற வல்லார் மீன் விற்கும் மகளிரே அன்றோ?

5. பழவேற்காடு என்னும் உரைகல்

சென்னைக்கு வடக்கே, ஏரியும் கடலும் கலக்குமிடத்தில் அமைந்தது பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திற்கும், தென்பகுதி தமிழகத்திற்கும் உரியது. டச்சுக்காரர் 1613இல் இங்குக் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். வரலாற்றாசிரியர் பலர் இவ்வூரை நாடுதல் அவர்தம் கல்லறைகளின் சிற்பத்தையும் எழுத்தையும் காண்டற்கே.

அக்கல்லறைகளினும் ஆராய்தற்குரியது ஏரி மீனவரின் பாடு முறை. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடுதற்குரியர் என முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அது. நல்ல இடம் ஒருவர்க்கே நிலைத்துவிடாதவாறு காப்பது அதன் பயன். முறையில் உரிமையில்லார்க்கும் உரியார்க்கும் இடையே பூசல் எழுதலும் உண்டு. எனவே இம்முறை பேச்சையும் வழக்கையும் ஊர்க்கூட்டத்தையும் சார்ந்து நிற்பது.

இத்தகைய வழக்கில் வளர்ந்தோர் மேற்கூறிய படங்களைக் காண்பாராயின், நகரத்துக் கழகத்தார் எழுப்பாத வினாக்களை எழுப்புவர் எனக் கருதுதல் தகும். வலை எவருடையது, பிடித்தது எங்ஙனம் பங்கிடப்பட்டது, விலையை உறுதிசெய்தவர் யார், அலையை அழகாகக் காட்டியவர் அலையில் படகு தள்ளும் முறையை அறிந்து காட்டினாரா என்பன அவை. இவை கலைக்குப் புறம்பான வினாக்கள் எனத் தள்ளற்பாலன அல்ல. ஒரு காட்சி மெய்யா பொய்யா எனத் துணிதற்கு ஒளியமைப்பும் படத்தொகுப்பும் அறிந்தோர் கருத்து வேண்டும். அத்தொழிலைச் செய்தோர் கருத்தும் வேண்டும். ஒரு சாரார் கருத்தே போதும் எனின் அவை நிரம்பாது.

கழகம் சிற்றூர்க்குச் செல்லல் இயலாது என்பார்க்கு விடை வரலாற்றிலேயே உளது. ‘அக்கிரகாரத்தில் கழுதை’ (1977) என்னும் தமிழ்ப்படத்தை இயக்கிய ஜான் ஆபிரகாம், 1984இல் கேரளத்தில் நண்பருடன் ‘ஒடேசா’ குழுவினைத் தொடங்கினார். அக்குழுவினர் ஊர் ஊராகச் சென்று படம் காட்டி, மக்கள் தந்த சிறுபொருளைத் திரட்டி, 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை ஆக்கினர். காண்போரே ஆக்குவோர்க்குத் துணையாயினர்.

6. முடிபு

கழகங்கள் தோன்றுதற்குக் காரணங்கள் இரண்டு: நல்ல படங்கள் கிடைத்தற்கு அருமை ஒன்று, கண்டதைக் கூடிப்பேசும் வேட்கை மற்றொன்று. இக்காலத்துக் கைப்பேசியில் உலகப் படங்கள் பலவும் எளிதிற் கிடைத்தலின், முதற்காரணம் பெரிதும் நீங்கிற்று. அதனாற் கழகமும் வேண்டாவாயிற்று எனக் கருதுதல் பிழை. தனித்துக் காணும் பழக்கம் மிகுந்தபின், இரண்டாம் காரணம் முன்னினும் வலியுடையதாயிற்று.

ஆகவே, இனித் தோன்றும் கழகம் பெரிய அரங்கினை நாடவேண்டுவதில்லை. ஏரிக்கரை ஊரொன்றில் பதின்மர் கூடி, வலை உலர்த்தும் நேரம் போக எஞ்சிய மாலையில், தம்மையொத்தார் வாழ்வைக் காட்டும் படமொன்றைக் கண்டு உரையாடின் அதுவே கழகம். அவ்வுரையாடலில் பேசப்படும் வழக்குச் சொற்களும் தொழில் நுணுக்கங்களும் மாறுபட்ட தீர்ப்புக்களும் குறித்து வைக்கப்படல் வேண்டும். அப்பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது. மாணவர் மேற்கொள்ளின் நாட்டுப்புறவியலுக்கும் திறனாய்விற்கும் ஒருங்கே பயன்தரும். திரையிற் காட்டப்பட்டோர் அவையிலும் இடம்பெறும் நாளிலேயே திரைப்படக் கழகத்தின் வரலாறு நிறைவுறும்.