ஆற்றுக்கு இரண்டு கரை, இரண்டு ரயில் பாதை

மலை ஏறுகிறோம் என்பதே உறைக்காமல் ஒரு மலையை ஏறி முடித்திருக்கிறீர்களா? போன கோடையில் எனக்கு அது வாய்த்தது. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் இருக்கும் கம்பர்லாண்டிலிருந்து காலையில் சைக்கிளை மிதிக்க ஆரம்பித்தேன். கடல் மட்டத்திலிருந்து 600 அடிச் சொச்சம் உயரம். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு 2,392 அடியில் நின்றுகொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டிய, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கோடு எழுதுகிற உடம்பு இது. மூச்சு வாங்கியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனா ஒரு இடத்தில்கூட இறங்கித் தள்ளவில்லை. என் திறமை என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். உண்மையில் அது 1910-க்கும் 1912-க்கும் இடையில் அந்த மலையை வெட்டியவர்களின் வேலை.

பாதையின் பெயர் கிரேட் அலிகேனி பாஸேஜ். கம்பர்லாண்டிலிருந்து பிட்ஸ்பர்க் வரை 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். பெரும்பகுதி பழைய ரயில் பாதை. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொடித்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி இறுக்கியிருக்கிறார்கள். மழை பெய்தால் ஒல்லி டயர் கொஞ்சம் புதையும். அகல டயர் போட்ட கிராவல் பைக் இருந்தால் கவலை இல்லை.

ஏன் ஏற்றம் தெரியவில்லை? பி.இ. முதல் வருஷத்தில் படித்த மெக்கானிக்ஸை வைத்தே சொல்லிவிடலாம். இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் ஒரு டன் சரக்கை இழுக்கச் சில கிலோ விசை போதும். ஆனால் பாதை 100 அடிக்கு ஒரே ஒரு அடி உயர்ந்தால், டன்னுக்கு இன்னும் 10 கிலோ விசை தேவைப்படும். ஒரு சதவீதச் சரிவு, இழுக்கிற வேலையைப் பல மடங்காக்கிவிடுகிறது. அதனால்தான் ரயில்காரர்கள் குன்றைக் குடைவார்கள், பள்ளத்தில் பாலம் போடுவார்கள், ஆறு எங்கே வளைகிறதோ அங்கே தாங்களும் வளைவார்கள். ஆறு ஏற்கெனவே மலையை அறுத்து வழி போட்டு வைத்திருக்கிறது, அதை விட்டுவிட்டு வேறு வழி தேடுவானேன்? இந்தப் பாதையின் கடினமான பகுதியிலேயே சரிவு 1.75 சதவீதத்தைத் தாண்டாது. மேற்கிலிருந்து ஏறினால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கிழக்கே போகும் நிலக்கரி வண்டிகளுக்காகப் போட்ட கணக்கு அது.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு விஷயம். காசல்மன் ஆற்றங்கரையில் போய்க்கொண்டிருக்கும்போது எதிர்க்கரையில் திடீரென்று ஹாரன் சத்தம். ரயில்! பாதை செத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வந்தவனுக்கு அக்கரையில் ஒரு ரயில் உயிரோடு ஓடுகிறது. அது பால்டிமோர் அண்ட் ஒஹாயோ கம்பெனியின் பழைய தடம். 1871-இல் பிட்ஸ்பர்க்கையும் கம்பர்லாண்டையும் இணைத்தது. நாற்பது வருஷம் கழித்து வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வே என்ற போட்டிக் கம்பெனி, அதே பள்ளத்தாக்கில், பெரும்பாலும் ஆற்றின் மறுகரையில், கானல்ஸ்வில் வரை 85 மைலுக்கும் மேல் இன்னொரு பாதை போட்டது. நான் போனது அதில்தான்.

பிந்தி வந்ததால் அவர்கள் நன்றாகவே கட்டினார்கள். பிக் சாவேஜ் சுரங்கம் 3,294 அடி நீளம். உள்ளே விளக்கு எரிகிறது, கோடையிலும் குளிர் எலும்பைத் தொடுகிறது. பனிக்காலத்தில் உள்ளே நீர் உறைந்து சுவரைப் பிளக்காமலிருக்கக் கதவு போட்டு மூடிவிடுகிறார்கள். மையர்ஸ்டேல் பக்கத்தில் சால்ஸ்பரி பாலம், 1,908 அடி நீளம், சுமார் 100 அடி உயரம். அதன் மேலிருந்து பார்த்தால் ஆறு, நெடுஞ்சாலை, எதிரிக் கம்பெனியின் தண்டவாளம் மூன்றும் காலுக்குக் கீழே.

ஆனால் 1973-இல் இரண்டு கம்பெனிகளும் செஸ்ஸி சிஸ்டம் என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. ஒரே பள்ளத்தாக்கில் ஒரே முதலாளிக்கு எதற்கு இரண்டு பாதை? 1975-இல் வெஸ்டர்ன் மேரிலாண்ட் தடத்தை மூடிவிட்டார்கள். சரிவு குறைந்த புதிய பாதை போனது. செங்குத்து அதிகமான, ஆனால் இரட்டைத் தடம் கொண்ட பழசு தங்கியது. கம்பெனிகள் இணைவதை உள்ளிருந்து பார்த்த என் தொழில்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. நேற்று எழுதின நல்ல சிஸ்டத்தை அணைத்துவிட்டு, எல்லாரும் திட்டுகிற பழைய சிஸ்டத்தை வைத்துக்கொள்வார்கள். பழசில்தான் டிராஃபிக் இருக்கும்.

கைவிட்ட ரயில் பாதையைத் துண்டு துண்டாக விற்றுவிட்டால் மறுபடி ஒட்டவே முடியாது. இங்கே ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1978-இல் ஒரு நீண்ட பகுதியை வாங்கி வைத்தது. 1986-இல் ஒஹாயோபைல் பக்கம் முதல் ஒன்பது மைல் சொச்சம் திறந்தது. கடைசித் துண்டு பிட்ஸ்பர்க்கில் சேர்ந்தது 2013-இல். 150 மைலுக்கு இருபத்தேழு வருஷம்! ரயில் ஓடின பாதையைப் போட இரண்டு வருஷம்தான் ஆயிற்று.

கானல்ஸ்வில்லைத் தாண்டினால் காடும் அருவியும் குறைகிறது. இது நிலக்கரி நாடு. புதருக்குள் பாதி இடிந்த செங்கல் அடுப்புகள் தெரியும். நிலக்கரியைச் சுட்டு, பிட்ஸ்பர்க்கின் எஃகு உலைகளுக்கு கோக் தயாரித்த அடுப்புகள். ரயில்கள் இந்தப் பள்ளத்தாக்குக்காகச் சண்டை போட்டது இதற்குத்தான். இங்கிருந்து பாதை வேறொரு கம்பெனியுடையது, 1883-இல் போட்டது.

அந்தப் பாதையில்தான் வான் மீட்டர் என்ற இடம் வருகிறது. அங்கே டார் என்றொரு சுரங்கம் இருந்தது. 1907 டிசம்பர் 19 அன்று அது வெடித்தது. 239 பேர் செத்தார்கள். நிறைய பேர் ஹங்கேரியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவின் பிற பகுதிகளிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அன்று பழைய நாட்காட்டிப்படி புனித நிக்கோலஸ் திருநாள். வேலைக்குப் போகாமல் சர்ச்சுக்குப் போனவர்கள் தப்பித்தார்கள். முந்தின நாள் தடுத்து வைத்திருந்த பகுதிக்குள் தொழிலாளர்கள் திறந்த சுடர் விளக்கோடு போனதுதான் காரணம் என்றது விசாரணை. கம்பெனி மேல் பொறுப்பு விழவில்லை. ஆனால் விபத்துக்குப் பிறகு அதே கம்பெனி திறந்த விளக்கைக் கைவிட்டது. தப்பு தொழிலாளி மேல் என்றால் விளக்கை ஏன் மாற்றினார்கள்? சர்வர் விழுந்தால், 'ஆபரேட்டர் தப்பான பட்டனை அமுக்கிட்டார்' என்று அறிக்கை எழுதி முடித்துவிட எங்கள் வேலையில்கூட யாரும் விடமாட்டார்கள். அந்தப் பட்டன் ஏன் அங்கே இருந்தது என்றுதான் கேட்பார்கள்.

பாதையிலிருந்து விலகி, ரோட்டில் ஏறினால் ஆலிவ் பிராஞ்ச் கல்லறைத் தோட்டம். இந்த ஏற்றத்தை ரயில்காரர்கள் போடவில்லை, அதனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். 71 பேரை ஒரே குழியில் புதைத்திருக்கிறார்கள், அவர்களில் பலர் அடையாளம் தெரியாதவர்கள். ஒரு நினைவுக்கல்லும், மாநில அரசின் நீலப் பலகையும் இருக்கின்றன. நானும் வேலைக்காகக் கடல் தாண்டி வந்தவன்தான். எனக்கு விசா எண், வரி எண், ஆஸ்பத்திரி எண் என்று ஏகப்பட்ட எண்கள். இவர்களுக்கு மொத்தமாக ஒரே எண், 71. ஊரில் இவர்களுடைய வீட்டுக்கு யார், என்ன எழுதிப் போட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பாட்டில் காலியாகியிருந்தது.

மறுபடி பாதைக்கு இறங்கியபோது எதிர்க்கரையில் ரயில் வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கன்டெய்னர்கள், மெதுவாக, கிழக்கே. சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன். எண்பது வரை எண்ணினேன், பிறகு கணக்கு தப்பிவிட்டது.