புதுவையில் பூத்தது, பொருநையில் கருகியது

இலண்டன் மாநகரில் 1967ஆம் ஆண்டு 'ஓஸ்' என்றோர் ஏடு முளைத்தது. முளைக்கச் செய்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இளைஞர்கள். ஊருக்கு அவர்கள் அந்நியர். ஆகவே ஊர்ப் பெரியோரின் முறைப்புக்கு அவர்கள் அஞ்சவில்லை. எழுதினர், வரைந்தனர், ஏளனம் செய்தனர். 1971இல் குற்றக் கூண்டிலும் நின்றனர். இந்தக் கதையைப் படித்து வியக்கும் நம் இளைஞர்கள், அதற்கு அறுபதாண்டுகளுக்கு முன்னரே நெல்லைச் சீமையின் எழுத்தாளர் ஒருவர் எல்லை தாண்டிச் சென்று அயலாட்சி நகரொன்றில் செய்த கலகத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. கடல் கடக்க வேண்டியதில்லை; பிரெஞ்சுக் கொடி பறந்த புதுவை வரை போனால் போதும்.

1908, நெல்லை எரிந்த ஆண்டு. கப்பலோட்டிய சிதம்பரனாரை மார்ச்சு 12ஆம் நாள் கைது செய்தனர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது, நகராட்சி அலுவலகம் தீக்கிரையாயிற்று, துப்பாக்கி பேசிற்று, நால்வர் மாண்டனர். சில திங்களில் அடக்குமுறை சென்னைக்கும் வந்தது. 'இந்தியா' ஏட்டின் ஆசிரியரெனப் பதிவாகியிருந்த சீனிவாசனைப் பிடித்தனர். அந்த ஏட்டில் அனல் பறக்க எழுதியவரோ எட்டயபுரத்தில் 1882இல் பிறந்து, நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்ற சுப்பிரமணிய பாரதியார். அடுத்த விலங்கு யார் கைக்கு என்பதில் ஐயமில்லை. புறப்பட்டார் புதுவைக்கு. ஓடிவிட்டார் என்று ஏசியோரும் உண்டு. ஏசட்டும்! சிறைக்குள் அமர்ந்துகொண்டு வாரந்தோறும் ஏடு நடத்த எந்த வீரரால் இயலும்? அந்த ஆண்டு அக்டோபரிலேயே 'இந்தியா' புதுவையிலிருந்து வெளிவந்தது. வெள்ளையன் அதைத் தன் எல்லைக்குள் நுழையவிடாமல் தடுத்தான்; 1910இல் ஏடு நின்றது. ஏடுதான் நின்றது, எழுத்து நிற்கவில்லை. பாஞ்சாலி சபதமும், கண்ணன் பாட்டும், குயில் பாட்டும் அந்தக் கடலோர ஊரிலே பிறந்தன.

1910இல் வங்கத்திலிருந்து அரவிந்தர் வந்தார். இலண்டனில் வழக்கறிஞர் படிப்புக்குச் சென்றிருந்த திருச்சி வரகனேரி வ.வே.சு. ஐயர் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தார். ஒற்றர்கள் தெருமுனைதோறும் நின்றனர். அயலார் அங்கே தங்க வேண்டுமானால் ஊரில் மதிப்புள்ள ஐவர் சான்று தரவேண்டும் என்று ஒரு விதி வந்தது. கலவை சங்கரச் செட்டியார் உள்ளிட்ட ஐவர் அரவிந்தருக்காகக் கையெழுத்திட்டனர். பேரரசு ஒன்றின் பகையைத் தேடிக்கொள்ளும் கையெழுத்து அது! அரவிந்தர் வீட்டைச் சோதிக்க வந்த பிரெஞ்சு நீதிபதி, மேசைமேல் கிரேக்க நூல்களையும் இலத்தீன் நூல்களையும் கண்டு, வியந்து திரும்பினார் என்பர்.

இதனால் புதுவை பொன்னாடு என்று எண்ணிவிட வேண்டாம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என முழங்கிய பிரெஞ்சுக்காரன் ஆண்ட அதே ஊரில்தான், 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர், ஐரோப்பியர்போல் காலணி அணிந்து நீதிமன்றத்தில் நுழைந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். பிரான்சின் உயர் நீதிமன்றம் வரை வழக்காடித்தான் அவர் வென்றார். வெளியே மூவண்ணக் கொடி. வீட்டுக்குள்ளே வருணப் பிரிவினை. சட்டம் எழுதுகோலைக் காத்தது, சாதியைக் கலைக்கவில்லை.

அதைக் கலைக்கக் கைவைத்தவர் அடைக்கலம் வந்த அந்த எட்டயபுரத்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த கனகலிங்கம் என்ற இளைஞருக்குப் பூணூல் அணிவித்து, இனி நீயும் பிராமணன் என்றார். பூணூலை எல்லோருக்கும் மாட்டுவதைவிட எல்லோரிடமிருந்தும் கழற்றுவதல்லவா அறிவுடைமை என்று கேட்போம் நாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் காலத்தை நினையுங்கள், தோழர்களே! தாழ்த்தப்பட்டவன் நிழல் பட்டாலே குளித்த காலத்தில், அக்கிரகாரத்துப் பிள்ளை ஒருவர் துணிந்து செய்த செயல் அது. சொந்த ஊரில் செய்திருந்தால் உறவும் சுற்றமும் கூடித் தடுத்திருக்கும். அந்நியனாக வாழ்வதில் இப்படியும் ஒரு விடுதலை உண்டு.

ஆயினும் புதுவைக்கு அவர் தந்த பெருங்கொடை பூணூல் அன்று, ஓர் இளைஞர். புதுவை மண்ணில் 1891இல் பிறந்த கனகசுப்புரத்தினம், தமிழாசிரியர். ஒரு திருமண வீட்டில் பாரதியார் பாட்டைப் பாடினார். பாட்டுக்குரியவர் எதிரே அமர்ந்திருப்பது பாடியவருக்குத் தெரியாது. அந்த நாளில் தொடங்கிய நட்பில் பண்டித நடை உதிர்ந்தது, எளிய தமிழ் ஏறிற்று. பாரதியார் பாடச் சொன்னபோது அவர் பாடியது சக்தியைப் பற்றி. ஆம், பகுத்தறிவுப் பாவேந்தர் பக்திப் பாட்டில்தான் தொடங்கினார்! விதை எதுவென்று பார்த்து மரத்தைக் கணிப்பவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள்.

அதே புதுவை வேறொரு விளைவையும் தந்தது. செங்கோட்டை வாஞ்சிநாதன் அங்கே வந்து ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர். 1911 சூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் நெல்லை ஆட்சியர் ஆஷைச் சுட்டு, தம்மையும் சுட்டுக்கொண்டார். உயிரைத் துச்சமென எண்ணிய அவர் நெஞ்சுரத்தைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அவர் சட்டைப் பையிலிருந்த கடிதம், மிலேச்சன் சனாதன தர்மத்தை மிதிக்கிறானே என்று அல்லவா குமுறிற்று! அந்நிய ஆட்சி போகவேண்டும், வருணாசிரமம் வாழவேண்டும் என்ற அந்தக் குரலும், கனகலிங்கத்தை அணைத்த கரமும் ஒரே வட்டத்தில் உலவின.

1918 நவம்பரில் பாரதியார் எல்லையைக் கடந்தார். கடலூரில் கைதாகி, சில வாரங்களில் விடுதலை பெற்று, மனைவியின் ஊராகிய கடையத்துக்கு வந்தார். மேற்கு மலையடிவாரத்து அந்த அக்கிரகாரம் அவரை அரவணைக்கவில்லை. 1921இல் சென்னையில் மறைந்தார்.

ஐயரும் திரும்பினார். 1922இல் தமிழ்க் குருகுலம் தொடங்கி, பொருநைக் கரையில் சேரன்மாதேவியில் நடத்தினார். காங்கிரசு 5,000 ரூபாய் தந்தது. தேசபக்தியும் தமிழ்ப்பற்றும் ஊட்டும் கூடம் என்று நாடு நம்பிற்று. உள்ளே பந்தி பிரிந்திருந்தது! இரு பார்ப்பன மாணவர்க்கு மட்டுமே தனி உணவு, பெற்றோருக்குத் தந்த வாக்கு என்றனர் ஐயர் தரப்பினர். பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்கு இடமும் வேறு, நடத்தையும் வேறு என்று குமுறினர் வரதராசலு நாயுடுவும் பெரியாரும். இருவர் என்றே வைத்துக்கொள்வோம். இருவருக்காக இழுத்த கோடும் கோடுதானே? புதுவையில் இருந்தபோது திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஐயர். பேரரசை எதிர்க்க அஞ்சாதவர், இரு வீட்டாரிடம் 'ஒன்றாய் உண்ணட்டும்' என்று சொல்லத் தயங்கினார். புதுவையில் அவர் அந்நியர். சேரன்மாதேவியிலோ சொந்தச் சமூகத்தின் நடுவே நின்றார். காந்தியார் வரை சென்றது வழக்கு. பிறப்பால் வேற்றுமை கூடாது என்று 1925இல் தமிழ்நாட்டுக் காங்கிரசுக் குழு தீர்மானித்தபோது, அதை ஏற்காது விலகியவர்களில் இராசாசியும் ஒருவர்.

அவ்வாண்டு சூன் 3ஆம் நாள், பாபநாசத்து அருவியில் தவறி வீழ்ந்த மகளைக் காக்கப் பாய்ந்த ஐயரைப் பொருநை கொண்டுபோயிற்று. நவம்பரில், காஞ்சி மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்படவே, பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். புதுவையில் அந்தத் தமிழாசிரியர் சுயமரியாதை இயக்கத்தின் பக்கம் திரும்பினார். 1938இல் அவருடைய முதல் கவிதைத் தொகுதியைக் குஞ்சிதம் குருசாமி வெளியிட்டார். சாதியையும் சடங்கையும் சாடிய பாடல்கள் நிறைந்த அந்த நூலின் அட்டையில் இருந்த பெயர், பாரதிதாசன்.