மைல் என்னும் நாணயம்: பயணக் கடன் அட்டையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சென்ற திங்களில் ஒரு வங்கியின் கடன் அட்டை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். 'தொழில்' என்ற கட்டத்தில் நான்கு தெரிவுகள் இருந்தன: சம்பளம் பெறுபவர், சுயதொழில் செய்பவர், ஓய்வுபெற்றவர், மாணவர். முனைவர் பட்ட ஆய்வாளர் இவர்களுள் எவர்? ஆய்வு உதவித்தொகை சம்பளம் அன்று. அதற்குச் சம்பளச் சீட்டு கிடையாது. 'மாணவர்' என்று தெரிந்தெடுத்தால் விண்ணப்பம் அவ்விடத்திலேயே முடிந்துவிடுகிறது.

அட்டையின் தேவை எளிது. தில்லியிலிருந்து குவாகாத்திக்கு ஒரு கருத்தரங்கிற்குச் செல்லவேண்டும். விமானக் கட்டணத்தை முதலில் நாமே செலுத்தி, பயணம் முடிந்தபின் சீட்டுகளை இணைத்துக் கணக்குப் பிரிவில் கொடுத்து, மூன்று நான்கு மாதம் காத்திருந்து பெறுவதே வழக்கம். இந்நிலையை அறிந்த மூத்த ஆய்வாளர் ஒருவர், "பயண அட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது நாற்பத்தைந்து நாள் தவணையும் கிடைக்கும், மைலும் சேரும், விமான நிலையத்தில் இரண்டு ரூபாய்க்குச் சாப்பாடும் கிடைக்கும்" என்றார். இரண்டு ரூபாய்ச் சாப்பாட்டிற்கு மீதிப் பணத்தை யார் தருகிறார் என்று கேட்டேன். அவர் சிரித்தார். அக்கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இப்பதிவு.

பயணமும் கடனும் பிணைந்த வரலாறு அட்டைக்கு மிகவும் முந்தியது. வழியில் பணம் சுமப்பது ஆபத்து. எனவே பணத்தைப் புறப்படும் ஊரில் கொடுத்து, அடையும் ஊரில் பெறும் முறி தேவைப்பட்டது. இந்தியாவில் அம்முறி உண்டி. பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வந்த பிரெஞ்சு மணி வணிகர் தவேர்னியே, எந்த ஊரிலிருந்து சூரத்திற்கு உண்டி எழுதினால் எவ்வளவு கழிவு என்பதை ஊர்வாரியாகக் குறித்துவைத்திருக்கிறார். தொலைவும் வழியின் அச்சமும் மிகுந்தால் கழிவும் மிகும். தமிழில் இச்சொல் 'உண்டியல்' என வழங்குகிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் தொழிலில் உண்டியல் அன்றாடச் சொல். அதே சொல்லைக் கோயில் காணிக்கைப் பெட்டிக்கும் சொல்கிறோம்; புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் வங்கியின்றிப் பணம் அனுப்பும் முறைக்கும் அதுவே பெயர். மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: பணத்தைக் கண்ணுக்கு எட்டாத கையொன்றில் ஒப்படைப்பது. 'கடன்' என்ற நம் சொல்லே கடமையையும் திருப்பித் தரவேண்டிய பொருளையும் ஒருசேரக் குறிப்பது. ஆங்கிலத்தின் 'கிரெடிட்' நம்பிக்கை என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஒரே அட்டையை ஒரு மொழி கொடுப்பவர் பக்கமிருந்தும் மற்றொன்று வாங்குபவர் பக்கமிருந்தும் பெயரிடுகிறது எனலாம். (மொழியியல் படித்தவரிடம் இத்தகைய இடைச்செருகல்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

ஐரோப்பாவில் 1772இல் இலண்டனிலிருந்து பல நகரங்களில் மாற்றத்தக்க சுற்று முறிகள் வெளிவந்தன. 1874இல் தாமஸ் குக் நிறுவனம் தன் பயணிகளுக்கு அத்தகையவற்றை வழங்கியது. 1891இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பயணக் காசோலையை அறிமுகப்படுத்தியது. இவை அனைத்திலும் பயணியே முன்கூட்டிப் பணம் கட்டுகிறார் என்பதை நினைவில் கொள்க. அவர் பணத்தை நிறுவனம் வைத்திருந்தது. அவருக்கு எவரும் கடன் தரவில்லை.

'கிரெடிட் கார்டு' என்ற தொடர் 1888இல் எட்வர்டு பெல்லமி எழுதிய 'லுக்கிங் பேக்வர்டு' என்னும் கற்பனைப் புதினத்தில் வருகிறது. கி.பி. 2000இன் அமெரிக்காவில் பணமே இல்லை; நாட்டின் உற்பத்தியில் ஒவ்வொரு குடிமகனுக்கும் சமமான பங்கு ஒரு அட்டையில் வரவு வைக்கப்படுகிறது; அதனை வெளிநாட்டுப் பயணத்திலும் பயன்படுத்தலாம். அதாவது, அச்சொல் பிறந்தபோது அட்டை சமத்துவத்தின் கருவி. தங்கம், பிளாட்டினம் என்று உலோகப் படிநிலை வகுத்து இன்று அட்டைகளை விற்பதைப் பெல்லமி கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

இருபதாம் நூற்றாண்டின் நிகழ்வுகள் பலரும் அறிந்தவை. 1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப். பணப்பையை மறந்து உணவகத்திற்குச் சென்ற பிராங்க் மெக்னமாராவின் கதை விளம்பரத்திற்காகப் புனையப்பட்டது என்று அந்நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்பாளரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். கதை புனைவாயினும் கணக்கு மெய்யானது: உணவகம் தன் வரவில் ஏழு விழுக்காட்டை நிறுவனத்திற்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அட்டையின் செலவை அட்டைக்காரரிடமன்றிக் கடைக்காரரிடம் வாங்கும் உத்தி அன்றே நிலைபெற்றது. 1958இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேளாமலேயே, அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. விண்ணப்பம் என்பதே அன்று இல்லை. கேளாமல் அனுப்புவதை அமெரிக்கச் சட்டம் 1970இல் தடைசெய்தது. அதன்பிறகே, அட்டையைக் கேட்டுப் பெறுமாறு மக்களை ஈர்க்கவேண்டிய தேவை வங்கிகளுக்கு முழுமையாக ஏற்பட்டது.

ஈர்ப்பதற்கான பொருள் விமானத்துறையிலிருந்து வந்தது. 1978 வரை அமெரிக்க விமான நிறுவனங்களின் கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசு அமைப்பு ஒன்று வரையறுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் கட்டுப்பாடு நீங்கியதும் விலைப்போர் மூண்டது. ஒரே வழித்தடத்தில் இருக்கைகளுக்கிடையே வேறுபாடு இல்லாதபோது, பயணியை எவ்வாறு தக்கவைப்பது? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் முன்பதிவுக் கணினியின் துணையால் அடிக்கடி பறப்பவர்களை இனங்கண்டு, 1981 மே முதல் நாளில் 'ஏஅட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. சில நாள்களில் யுனைட்டட் பின்தொடர்ந்தது. பறந்த தொலைவுக்கு மைல். சேர்ந்த மைலுக்கு இலவச இருக்கை. எப்படியும் காலியாகப் பறக்கப்போகும் இருக்கையே பரிசாதலின், நிறுவனத்திற்குச் செலவு சொற்பம்.

இவ்வரலாற்றின் திருப்புமுனை 1981 அன்று, 1987 என்றே நான் கருதுகிறேன். அவ்வாண்டில் சிட்டிபேங்க், ஏஅட்வான்டேஜ் மைல் தரும் கடன் அட்டையை வெளியிட்டது. மளிகை வாங்கினாலும் மைல், மருந்து வாங்கினாலும் மைல். வங்கி அந்த மைல்களை விமான நிறுவனத்திடமிருந்து பணம் கொடுத்து வாங்குகிறது. கடைக்காரரிடம் பெறும் கட்டணத்தின் ஒரு பகுதியே அப்பணம். அன்றோடு 'மைல்' தொலைவின் அலகாக இருப்பதை விட்டுவிட்டது. விமான நிறுவனமே அச்சிட்டு, அதுவே மதிப்பை நிர்ணயித்து, அதுவே நாள் குறித்துக் காலாவதியாக்கும் நாணயமாயிற்று. சொற்பொருள் மாற்றத்திற்கு வகுப்பில் எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர்கள் இதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 2015, 2016இல் அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் பறந்த தொலைவைக் கைவிட்டுச் செலவிட்ட டாலரின் அடிப்படையில் மைல் வழங்கத் தொடங்கியபோது, பழைய பொருளின் எச்சமும் பெரும்பாலும் போயிற்று.

இந்நாணயத்தின் வலிமை பெருந்தொற்றுக் காலத்தில் வெளிப்பட்டது. 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைட்டட் தன் மைல் திட்டத்தை அடகு வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. அடகுக்காகச் சொல்லப்பட்ட அத்திட்டத்தின் மதிப்பு, அன்றைய பங்குச்சந்தை அந்நிறுவனம் முழுமைக்கும் தந்த மதிப்பைவிட மிகுதி.

இடையே மக்களும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க நாணயச்சாலை ஒரு டாலர் நாணயங்களைப் புழக்கத்திற்குக் கொண்டுவர விரும்பி, அஞ்சல் செலவின்றி முகமதிப்பிலேயே வீட்டிற்கு அனுப்பியது. மைல் வேட்டைக்காரர்கள் அவற்றை அட்டையில் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வங்கியில் செலுத்தி, அட்டைக் கடனை அடைத்து மைலை வைத்துக்கொண்டனர். 2011இல் நாணயச்சாலை அட்டையை ஏற்பதை நிறுத்தியது. நம் நாட்டிலும் வீட்டு வாடகை என்ற பெயரில் நண்பருக்கு அட்டையில் பணம் செலுத்தி, அதனைத் திரும்பப் பெற்றுப் புள்ளி சேர்த்தவர்கள் உண்டு. 2022 முதல் வங்கிகள் வாடகைச் செலுத்தலுக்கு ஒரு விழுக்காடு கட்டணம் விதித்ததற்கு அதுவும் ஒரு பின்னணி.

இந்தியாவில் டைனர்ஸ் கிளப் அட்டை 1961இலும், வங்கி வெளியிட்ட முதல் அட்டை 1980இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா வழியாகவும் வந்தன. ஆயினும் பயணப் புள்ளிகளுக்கு இங்கு வாழ்வு கிடைத்தது 1990களில் தனியார் விமானங்கள் பறக்கத் தொடங்கியபின்தான். 1993இல் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸின் 'ஜெட்பிரிவிலேஜ்' மைல்களைப் பல வங்கிகளின் அட்டைகள் வழங்கின. 2019 ஏப்ரல் 17இல் அந்நிறுவனத்தின் கடைசி விமானம் புறப்பட்டது. மைல்கள் மட்டும் அழியவில்லை; தனி நிறுவனத்தின் கையில் இருந்தமையால் அதே ஆண்டு 'இன்டர்மைல்ஸ்' என்ற புதுப்பெயரில் தொடர்ந்தன. விமானம் இல்லாத விமான நிறுவனத்தின் மைல்! அதன் ஊழியர்கள் நிலுவைச் சம்பளத்திற்குப் போராடிக்கொண்டிருந்த நாள்களில், அதன் பயணிகள் மைல்களைக் கொண்டு வேறு பொருள்கள் வாங்கிக்கொண்டிருந்தனர் என்பதை வரலாறு எழுதுவோர் விட்டுவிடக் கூடாது.

இனி அந்த இரண்டு ரூபாய்ச் சாப்பாடு. அட்டையில் நூறு ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் கடைக்காரருக்கு ஏறத்தாழ 98 ரூபாய் சேரும். விட்ட இரண்டு ரூபாயை வங்கிகளும் அட்டை வலைப்பின்னலும் பகிர்ந்துகொள்கின்றன. அதிலிருந்தே புள்ளியும் ஓய்வறையும் வருகின்றன. மாதம் மூன்று விழுக்காட்டிற்கு மேல் வட்டி கட்டும் கடனாளிகளிடமிருந்தும் வருகின்றன. கடைக்காரர் இழப்பை விலையில் ஏற்றினால், ரொக்கம் கொடுப்பவரும் அதில் பங்கு சுமக்கிறார். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் ரொக்கம் பயன்படுத்தும் குடும்பம் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலர் இழக்கிறது; அட்டை பயன்படுத்தும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது. அக்கணக்கை இந்தியாவிற்கு அப்படியே பொருத்த இயலாது. இங்கு யுபிஐ செலுத்தலுக்கு வணிகர் கட்டணம் இல்லை; எங்கள் வளாகத்து நகல் கடைக்காரர் அட்டை இயந்திரமே வைத்திருக்கவில்லை. ஆயினும் வட்டி கட்டுபவர், கட்டாதவரின் பயணத்திற்குச் செலவழிக்கிறார் என்னும் அடிப்படை இங்கும் மாறவில்லை. மாதந்தோறும் முழுத்தொகையைச் செலுத்த இயலாத ஆய்வாளருக்கு இவ்வட்டை இலாபமன்று என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். ஒரு விழுக்காட்டுப் புள்ளியை மூன்று விழுக்காட்டு வட்டி ஒரே மாதத்தில் விழுங்கிவிடும்.

மற்றொரு கேள்வியும் எஞ்சுகிறது. பொதுப்பணத்தில் பறந்தால் மைல் யாருடையது? 2002இல் ஜெர்மனியில் அலுவல் பயணங்களில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்திற்குப் பயன்படுத்தியது வெளியானதும், ஜெம் ஓஸ்டெமிர், கிரேகோர் கீசி ஆகிய இருவரும் தத்தம் பொறுப்புகளிலிருந்து விலகினர். இந்திய நிதியமைச்சகத்தின் 2017ஆம் ஆண்டுப் பயணப்படி ஆணையும் இதில் தெளிவாகவே இருக்கிறது: அரசு ஊழியர் அலுவல் பயணத்தில் ஈட்டும் மைல்கள் துறையின் பிற அலுவல் பயணங்களுக்கே உரியவை; சொந்தப் பயணத்திற்குப் பயன்படுத்தினால் துறை நடவடிக்கை உண்டு. ஆனால் ஆய்வாளர் அரசு ஊழியர் அல்லர். விண்ணப்பத்தின் நான்கு கட்டங்களிலும் இடம் பெறாதவர் இவ்வாணையிலும் இடம் பெறவில்லை. நான்கு மாதம் தன் பணத்தைப் பல்கலைக்கழகத்திற்கு வட்டியின்றிக் கடனாகத் தருபவர் அவர் என்பதையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும். அக்கடனுக்குக் கிடைக்கும் ஒரே வட்டி அந்தச் சில நூறு மைல்கள் என்றால், அவற்றை வைத்துக்கொள்வதில் எனக்கு உறுத்தல் இல்லை. அறவியல் துறை நண்பர் ஒருவர் இதனை ஏற்க மறுக்கிறார்.

என் விண்ணப்பம் பத்தே நிமிடத்தில் நிராகரிக்கப்பட்டது. வேறொரு வங்கிக் கிளையில் இருந்த அலுவலர் பரிவோடு மாற்றுவழி சொன்னார்: நிலையான வைப்புத்தொகை ஒன்றைப் போட்டால், அதன் ஈட்டின்பேரில் அட்டை தருவார்களாம், சம்பளச் சீட்டு வேண்டாம். உதவித்தொகையில் மிஞ்சியிருந்த இருபத்தைந்தாயிரத்தை வைப்பில் போட்டேன். அதில் ஒரு பங்கு கடன் வரம்பாக வந்தது. முன்கூட்டிப் பணத்தைக் கட்டிவிட்டு அதனையே வழியில் பெறுவது, தாமஸ் குக்கின் பயணிகள் செய்ததுதான். அந்த அட்டைக்கு ஓய்வறைச் சலுகை இல்லை. குவாகாத்திச் சீட்டு அதில் வாங்கியாயிற்று. 114 புள்ளிகள் சேர்ந்திருப்பதாகக் குறுஞ்செய்தி வந்துள்ளது. இரவு விமானத்திற்குச் சப்பாத்தி கட்டிக்கொண்டு போகிறேன்.